கேபார் கரைக்கு வந்த சிங்காசனம்: எசேக்கியேல் 1 சொல்வது எந்த ஆளுகையை?

கேள்வி | ஜூலை 9, ஞாயிறு, மாலை 6.15

இன்று எங்கள் கோயிலில் வேதாகமத்தின் எசேக்கியேல் புத்தகம், முதல் அதிகாரம்: பாபிலோன் தேசத்தில் சிறைப்பட்டிருந்த எசேக்கியேல் தீர்க்கதரிசி கேபார் நதிக்கரையில் நாலு ஜீவன்கள், சக்கரங்கள், அவற்றுக்கு மேலே ஒரு சிங்காசனம் என்று தரிசனம் காண்கிற இடம். பிரசங்கத்தின் சாரம் இவ்வளவுதான்: தேவன் சிங்காசனத்தில் இருக்கிறார், எல்லாம் அவர் கையில், கவலைப்படாதிருங்கள். எனக்கு இறங்கவில்லை. இந்தத் தரிசனம் வந்தபோது யூதாவின் ராஜா பாபிலோனில் கைதி. இன்னும் ஆறேழு வருஷத்தில் ஆலயமே எரிகிறது. எல்லாம் கையில் இருப்பவரின் லட்சணமா இது? அன்றைக்குச் சிங்காசனத்தில் இருந்தது பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார்தான் என்று ஒருவன் சொன்னால் என்ன பதில்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூலை 9, இரவு 10.50

பிரசங்கம் செய்த உங்கள் ஐயரைக் குறை சொல்லமாட்டேன். 28 வசனத்தை இருபது நிமிஷத்தில் முடிக்க வேண்டும் அவருக்கு. எனக்கு அந்த அவசரம் இல்லை, தூக்கமும் இல்லை.

முதலில் அந்த 'கேபார் நதி'. அது வெட்டின கால்வாய். நிப்பூர் என்ற பழைய ஊரில் 1893இல் தோண்டியபோது முராஷு என்ற குடும்பத்தின் கணக்குவழக்குகள் களிமண் பலகைகளில் கிடைத்தன. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டுக் கணக்கு. அதில் 'நாரு கபாரி' என்று ஒரு வாய்க்கால் பெயர் வருகிறது. அக்காடிய மொழியில் நாரு என்றால் ஆறும்தான், வாய்க்காலும்தான்.

நான் பொதுப்பணித்துறையில் 34 வருஷம் வாய்க்காலோடும் மதகோடும் மாரடித்தவன். அதனால் இந்த ஒரு சொல் போதும், இடம் கண்முன் வந்துவிடும். யூப்ரடீஸ் தண்ணீர் வண்டலைச் சுமந்து வரும். தூர் வாராமல் விட்டால் வாய்க்கால் மேடுதட்டிப்போகும். தூர் வார ஆள் வேண்டும், கடைமடையில் தரிசாய்க் கிடக்கிற நிலத்தைத் திருத்த ஆள் வேண்டும். பிடித்து வந்தவர்களை அங்கே குடிவைத்தது இதற்காகத்தான் என்பது என் யூகம். மூன்றாம் அதிகாரத்தில் அவர்கள் குடியிருந்த ஊர் தெலாபீப் என்று வரும். அதன் பாபிலோனியச் சொல் 'தில் அபூபி'. வெள்ளம் அழித்துவிட்டுப் போன மேடு என்று பொருள். புறம்போக்கு மேட்டில் ஆளைக் குடியேற்றுவது எல்லா சர்க்காருக்கும் தெரிந்த வித்தை.

சிங்காசனம் வந்து நிற்பது அந்த மேட்டில். உங்கள் கேள்விக்குப் பதில் அந்த விலாசத்திலேயே பாதி இருக்கிறது என்று நினைக்கிறேன். மீதியை நாளை எழுதுகிறேன்.

ஜூலை 10, காலை 5.40

தேதியைப் பாருங்கள். யூதாவின் ராஜா யோயாக்கீன் சிறைப்பட்ட ஐந்தாம் வருஷம், அதாவது கி.மு. 593. எருசலேம் பாபிலோனியரிடம் முதல் தடவை பிடிபட்டது கி.மு. 597 மார்ச் 16. இதை நாள் கணக்கோடு சொல்வது பாபிலோனியரின் சொந்த நாளாகமப் பலகை.

ஆனால் முதல் வசனம் 'முப்பதாம் வருஷம்' என்று ஆரம்பிக்கிறது. எதன் முப்பதாம் வருஷம்? சொல்லவே இல்லை. அவருடைய வயது என்று பழங்காலம் முதலே பலர் எடுத்திருக்கிறார்கள். எண்ணாகமம் 4:3 தெரியும்தானே: முப்பது முதல் ஐம்பது வயது வரை ஆசரிப்புக் கூடாரத்தில், அதாவது ஆலயத்துக்கு முன் இருந்த கூடாரக் கோயிலில், வேலை. எசேக்கியேல் ஆசாரியன். ஊரில் இருந்திருந்தால் அந்த வருஷம் ஆலயத்தில் பணிக்குச் சேர வேண்டியவர். வேலைக்கு ஆர்டர் வரவேண்டிய வருஷத்தில் அந்நிய நாட்டு வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருக்கிறார். எஸ்றா என்ற வேதபாரகன் பிற்பாடு அங்கிருந்து எருசலேம் வந்து சேர நாலு மாதம் ஆயிற்று. அவ்வளவு தூரம்.

இன்னொன்று. கடைசியில் புதிய ஆலயத்தை அவர் காண்பது சிறையிருப்பின் இருபத்தைந்தாம் வருஷம் (40:1). கூட்டிப்பாருங்கள், வயது ஐம்பது. ரிட்டயராகும் வயதில் ஆலயம் தெரிகிறது, அதுவும் தரிசனத்தில். நான் ரிட்டயரான அன்று மாலை ஒரு சந்தன மாலையும் ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்தார்கள். கடிகாரம் ஓடவில்லை.

ஜூலை 10, இரவு 9.20

திருத்தம். காலையில் எழுதியதை யாராவது சபையில் எடுத்துச் சொல்வதற்குள் சொல்லிவிடுகிறேன். எண்ணாகமம் 4:3 கோகாத் புத்திரருக்கு, அதாவது பரிசுத்தமானவற்றைத் தோளில் சுமக்கிற லேவியருக்குச் சொன்னது. ஆசாரியருக்கு நேராகச் சொன்ன வயது அல்ல. போதாததற்கு எண்ணாகமம் 8:24 இருபத்தைந்து என்கிறது. ஆகவே என் அழகான கணக்கு ஒரு காலில் நிற்கிறது. விழுந்துவிட்டது என்று சொல்லமாட்டேன்.

ஆனால் அந்தக் கோகாத் புத்திரர் விஷயத்தில் ஒன்று அகப்பட்டது. எண்ணாகமம் 7இல் மற்ற லேவியருக்கு வண்டியும் மாடும் கொடுக்கிறார்கள், இவர்களுக்கு மட்டும் கிடையாது. தோளில்தான் சுமக்க வேண்டும். தேவ சமுகத்துக்கு அடையாளமான உடன்படிக்கைப் பெட்டியின் வளையங்களில் மாட்டிய தண்டுகளைக் கழற்றவே கூடாது என்று யாத்திராகமம் 25:15. எப்போது வேண்டுமானாலும் கிளம்பத் தயாராக இருக்கிற பெட்டி. அப்படிப்பட்ட தேவனை எருசலேமில் கல் கட்டிடத்துக்குள் வைத்து, இனி இங்கேதான் என்று நானூறு வருஷம் போல நம்பிக்கொண்டிருந்தார்கள்.

ஜூலை 11, மதியம்

"சொகுசா என்றால் என்ன ஐயா?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நம் பழைய மொழிபெயர்ப்பில் 1:4இல் 'சொகுசாவின் நிறம்' என்று வருகிற சொல். ஓய்வுநாள் பாடசாலையில் படிக்கும்போது சொகுசுப் பேருந்தின் நிறம் என்றே நினைத்திருந்தேன். எங்கள் ஊர் வழியாகப் போனது சிவப்பு. ஆகவே தேவமகிமை எனக்கு ரொம்ப நாள் சிவப்பாகவே இருந்தது.

எபிரெயத்தில் அது 'ஹஷ்மல்'. பளபளக்கிற ஒரு உலோகம் என்பதற்கு மேல் யாருக்கும் நிச்சயமில்லை. இன்றைய இஸ்ரேலில் மின்சாரத்துக்கு அந்தப் பெயர். யூதரின் தல்முது நூலில் ஒரு கதை உண்டு: வாத்தியார் வீட்டில் எசேக்கியேல் படித்துக்கொண்டிருந்த ஒரு பையன் ஹஷ்மல் என்னவென்று புரிந்துகொண்டானாம், உடனே அதிலிருந்து நெருப்புப் புறப்பட்டு அவனை எரித்துவிட்டதாம். புரியாமல் இருப்பதிலும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது, தம்பி.

ஜூலை 13, இரவு

இன்று சக்கரம். நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'சக்கரத்துக்குள் சக்கரம்' என்பதை நான் கடிகாரப் பல்சக்கரம் போல நினைத்திருந்தேன். வசனம் அப்படிச் சொல்லவில்லை. நாலு பக்கமும் ஓடும், ஓடும்போது திரும்பாது என்கிறது. அப்படியானால் ஒன்றுக்குள் ஒன்று குறுக்காகச் செருகின இரண்டு வளையம். போன வருஷம் விடுமுறைக்குப் பேரன் வந்திருந்தபோது இதைச் செய்தே பார்த்தோம். பழைய சைக்கிள் ரிம் ஒன்று, சின்னப் பிள்ளைகள் சைக்கிள் ரிம் ஒன்று. ஆரக்காலைக் கழற்றிவிட்டு, சின்னதைப் பெரியதுக்குள் குறுக்காக வைத்துக் கட்டுக்கம்பியால் நாலு இடத்தில் முறுக்கினோம். முற்றத்தில் வடக்கே உருட்டினேன், ஓடியது. அங்கிருந்து திருப்பாமல் கிழக்கே தள்ளினேன். சின்ன ரிம் தரையைத் தொடவே இல்லை, மொத்தமும் சாய்ந்து என் கால் பெருவிரலில் விழுந்தது. இரண்டும் ஒரே அளவில் இருந்தால் செருகவே முடியாது. நகம் கறுத்து ஒரு மாதம் கிடந்தது. பேரன் சொன்னான்: "தாத்தா, அது ஓடும்னு அவர் சொல்லலியே, ஓடுற மாதிரி இருந்துச்சுன்னுதான சொன்னாரு."

பையன் சொன்னது சரி. அந்த அதிகாரம் முழுக்க 'போல', 'சாயல்', 'தோற்றம்'. சிங்காசனம் என்று சொல்லமாட்டார், சிங்காசனத்தின் சாயல் என்பார். அதன்மேல் மனுஷன் என்று சொல்லமாட்டார், மனுஷசாயலுக்கு ஒத்த சாயல். உச்சிக்குப் போகப்போகச் சொல் பின்வாங்குகிறது. ராஜாவைப் பார்த்தேன் என்று பெருமை பேசுகிறவன் பேச்சு இப்படியிருக்காது.

சரி, சக்கரம் எங்கிருந்து வந்தது? 1 இராஜாக்கள் 7ஐத் திறந்துவையுங்கள். சாலொமோன் ஆலயத்துப் பிராகாரத்தில் பத்து வெண்கல ஆதாரங்கள். ஒவ்வொன்றும் நாலு முழ நீளம், நாலு முழ அகலம், மூன்று முழ உயரம். மேலே தண்ணீர்க் கொப்பரை. கீழே நாலு உருளைகள், ஒன்றரை முழ உயரம், ரதத்தின் உருளைகளைப் போன்ற வேலைப்பாடு. பக்கப் பலகைகளில் என்ன உருவம் தெரியுமா? சிங்கம், காளை, கேருபீன் என்ற சிறகுள்ள ஜீவன். எசேக்கியேலின் ஜீவன்களுக்கு எந்த முகம்? மனுஷன், சிங்கம், எருது, கழுகு. பத்தாம் அதிகாரத்தில் அவற்றைக் கேருபீன்கள் என்றே சொல்லிவிடுகிறார். ஆசாரியன் வீட்டுப் பிள்ளை, சின்ன வயதில் அந்தப் பிராகாரத்தில் ஓடி விளையாடியிருப்பார். தண்ணீர்த் தொட்டியின் கீழே அசையாமல் நின்ற உருளை, கேபார் கரையில் உயிரோடு ஓடி வருகிறது. எனக்கு இந்த அதிகாரம் பிடிபட்டது இந்த இடத்தில்தான்.

ஜூலை 14, காலை

மறுபடியும் திருத்தம். 2 இராஜாக்கள் 16:17. ஆகாஸ் ராஜா அசீரியாவுக்குப் பயந்து அந்த ஆதாரங்களின் பலகைகளை அறுத்து, கொப்பரைகளையும் இறக்கிவிட்டான். எசேக்கியேல் பிறப்பதற்கு நூறு வருஷத்துக்கு முன்னாலேயே. அப்படியானால் சிறுவன் எசேக்கியேல் அந்தச் சிங்கத்தையும் காளையையும் பார்த்திருக்க முடியாது, குறைந்தபட்சம் பலகைகளில். உருளையோடு மொட்டையாய் நின்ற வெண்கலச் சட்டங்களை வேண்டுமானால் பார்த்திருப்பார். பெரியவர்கள் "இங்கே ஒரு காலத்தில் சிங்கம் இருந்தது" என்று காட்டியிருப்பார்கள். அது இன்னும் நன்றாக இருக்கிறது என்று தோன்றுகிறது. ஆனால் ராத்திரி எழுதியதைவிட நன்றாக இருப்பதாலேயே இதையும் நான் சந்தேகிக்க வேண்டும்.

மிச்சம் நின்றதைப் பிற்பாடு கல்தேயர், அதாவது பாபிலோனியர், உடைத்து, வெண்கலத்தைப் பாபிலோனுக்கு ஏற்றினார்கள். 2 இராஜாக்கள் 25:13. பழைய இரும்புக்கடைக் கணக்குதான்.

ஜூலை 14, மாலை 7.30

"தேர்த்திருவிழா மாதிரியா?" என்று கேட்டவருக்கு: நல்ல கேள்வி, ஆனால் தேருக்கு வடம் உண்டு, இழுக்க ஊர் உண்டு, கடைசியில் நிலைக்கு வந்தாக வேண்டும். எசேக்கியேல் கண்டதில் இந்த மூன்றும் கிடையாது. அவருக்குப் பக்கத்தில் நடந்ததைச் சொல்லவேண்டுமானால் பாபிலோனின் புதுவருஷ விழா, அகீத்து. அவர்களுடைய பெரிய தெய்வமான மர்துக்கின் சிலையை நகரத்துக்கு வெளியே ஊர்வலமாகக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவார்கள், ராஜா கூடவே போவான். சிறைப்பட்டவர்களுக்கு அந்த விழாவின் ஆரவாரம் தெரியாமல் இருந்திருக்காது. பிடித்து வைத்திருக்கிற நாட்டின் சாமி ஊர்வலம் போகிறது, நம்முடையவரோ அங்கே எருசலேமில் நாலு சுவருக்குள். அந்த வயிற்றெரிச்சலில் வைத்து முதல் அதிகாரத்தைப் படியுங்கள்.

தன் தேசத்தையும் கோவிலையும் விட்டுக் கிளம்பி வருகிற தெய்வம் என்பது அந்தக் காலத்தில் வேறு எங்கும் இல்லாத யோசனை.

ஜூலை 16, ஞாயிறு, ஆராதனை முடிந்து

மேலே கடைசி வரியை அடித்துவிடுங்கள். நானே அழித்திருப்பேன், ஆனால் அதற்குக் கீழே நாலு பேர் ஆமென் போட்டுவிட்டார்கள்.

மர்துக் தீர்க்கதரிசனம் என்று ஒரு பாபிலோனியப் பலகை இருக்கிறது. அதில் மர்துக் தானே பேசுகிறான்: ஏத்தியர் நாட்டுக்குப் போனேன், அசீரியாவுக்குப் போனேன், ஏலாமுக்குப் போனேன், எல்லாம் நானாகப் போனேன். சிலையை எதிரி தூக்கிக்கொண்டு போனதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். தோற்றுப்போன ஊர் "எங்கள் சாமி கோபித்துக்கொண்டு போய்விட்டார்" என்று சொல்வது அந்தப் பக்கமெல்லாம் வழக்கம். இப்போது நம் கேள்விக்காரர் சிரிப்பார்: எசேக்கியேலும் அதைத்தானே செய்கிறார்? தோல்விக்குப் பவுடர் பூசுகிறார்?

மதியம் சாப்பாட்டுக்கும் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு வித்தியாசம் எனக்குப் படுகிறது. எசேக்கியேல் கண்டதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. தூக்க ஒரு சிலை இல்லை. இன்னொன்று, மர்துக்கின் கதை ஊர் தோற்றபின் சொன்னது. இது ஆலயம் இன்னும் நின்று பலி நடந்துகொண்டிருக்கும்போது, 593இல், வந்த தரிசனம். தேதியை நம்பினால்தான் இந்த வாதம் செல்லும். நான் நம்புகிறேன். நம்பாதவரோடு இந்த ஒரு இடத்தில் மல்லுக்கு நிற்க எனக்கு வழியில்லை.

ஜூலை 17

இல்லை தம்பி, பறக்கும் தட்டு இல்லை. பறக்கும் தட்டுக்கு எருது முகம் எதற்கு?

ஜூலை 19, இரவு 11

"நேபுகாத்நேச்சார்தான் சிங்காசனத்தில் இருந்தான்" என்றீர்களே, அதற்கு வருகிறேன். எசேக்கியேல் தேதி போடுகிற விதத்தைக் கவனியுங்கள். புத்தகம் முழுக்கத் தேதி, ஆபீஸ் ரிஜிஸ்டர் தோற்றுவிடும். ஒன்றிலாவது 'நேபுகாத்நேச்சார் ராஜாவின் இத்தனையாம் வருஷம்' என்று இருக்கிறதா? இல்லை. பிற்பாடு வந்த தீர்க்கதரிசிகள் ஆகாயும் சகரியாவும் பாரசீக ராஜா தரியுவின் வருஷத்தைத்தான் எழுதுகிறார்கள். இவர் எழுதுவது யோயாக்கீன் சிறைப்பட்ட வருஷத்தை. அந்த யோயாக்கீன் அப்போது என்ன நிலையில் இருந்தான்? பாபிலோன் அரண்மனையில் கிடைத்த பலகைகளில் அவன் பெயர் இருக்கிறது: யூதாவின் ராஜா யாவுகீனுவுக்கும் அவன் ஐந்து குமாரருக்கும் எண்ணெய் அளந்து கொடுத்த கணக்கு. அதில் ஒரு பலகை கி.மு. 592, தரிசனத்துக்கு மறு வருஷம். ரேஷன் எண்ணெய் வாங்கும் ராஜா. உலகத்தின் எஜமானுடைய ஊரில் குடியிருந்துகொண்டு, அவன் ஆண்டை எழுதாமல் இந்த ராஜாவை வைத்து நாள் எண்ணுகிறார் எசேக்கியேல்.

ஆளுகை என்ற சொல்லுக்கு அந்தப் புத்தகத்தில் நான் கண்ட முதல் அர்த்தம் அது.

இரண்டாவது அர்த்தம் கசப்பானது, எட்டு முதல் பதினொன்றாம் அதிகாரம் வரை. ஆலயத்துக்குள் பெண்கள் தம்மூசு என்ற பாபிலோனியத் தெய்வத்துக்காக அழுகிறார்கள், இருபத்தைந்து பேர் முதுகை ஆலயத்துக்கும் முகத்தைச் சூரியனுக்கும் காட்டி நிற்கிறார்கள். கர்த்தர் தேசத்தைக் கைவிட்டார், நம்மைப் பார்க்கிறதில்லை என்று மூப்பர்கள் தாங்களே சொல்லிக்கொள்கிறார்கள். அதற்கப்புறம்தான் கர்த்தருடைய மகிமை ஆலயத்தை விட்டுக் கிளம்புகிறது. ஒரே மூச்சில் போகவில்லை. கேருபீனைவிட்டு வாசற்படிக்கு. அங்கே நிற்கிறது. வாசற்படியிலிருந்து கிழக்கு வாசலுக்கு. அங்கேயும் நிற்கிறது. கடைசியில் நகரத்துக்குக் கிழக்கேயுள்ள மலையில். வீட்டை விட்டுப் போகிறவர் திண்ணையில் ஒரு தரம், தெருமுனையில் ஒரு தரம் நிற்பதுபோல. யாராவது கூப்பிடுவார்களா என்று பார்த்ததாக வசனத்தில் இல்லை. நான்தான் அப்படிப் படிக்கிறேன்.

இதற்கு நடுவே 11:15. எருசலேமில் மிஞ்சினவர்கள் சிறைப்பட்டுப் போனவர்களைப் பற்றிச் சொல்கிறார்கள்: அவர்கள் கர்த்தரை விட்டுத் தூரம் போனார்கள், தேசம் இப்போது நமக்கு. போனவன் பங்கை இருப்பவன் அளந்துகொள்கிறான். பத்திரம், பட்டா, பங்காளி என்று எந்தக் குடும்பத்திலும் கேட்கிற பேச்சு. அதற்குப் பதில்தான் அடுத்த வசனம்: போன தேசங்களில் நானே அவர்களுக்குப் பரிசுத்த ஸ்தலமாக இருப்பேன், கொஞ்ச காலம். 'கொஞ்சம்' என்பது காலமா அளவா என்று மொழிபெயர்ப்பாளர்கள் இன்னும் தகராறு செய்கிறார்கள்.

சக்கரம் ஏன் என்றால் இதற்குத்தான். ஆலயத்தை வைத்திருப்பவன் அவரை வைத்திருக்கவில்லை.

ஜூலை 22, சனி

இரண்டு நாளாக எழுதவில்லை. ஒரு சகோதரி கேட்டிருந்தார்: "இதெல்லாம் சரி, 24ஆம் அதிகாரத்தை என்ன செய்வீர்கள்?" அதைத் தொடாமல் போய்விடலாம் என்று பார்த்தேன்.

எசேக்கியேலிடம் சொல்லப்படுகிறது: உன் கண்களுக்கு விருப்பமானவளை ஒரே அடியில் எடுத்துக்கொள்வேன், நீ அழக்கூடாது. பாகையைக் கட்டிக்கொள், பாதரட்சையைப் போட்டுக்கொள், துக்க வீட்டு அப்பத்தைச் சாப்பிடாதே. காலையில் ஜனங்களோடு பேசுகிறார். சாயங்காலம் மனைவி இறந்துபோகிறாள். மறுநாள் காலையில் சொன்னபடி செய்கிறார். அந்தம்மாவின் பெயர்கூட இல்லை.

என் வீட்டுக்காரி போனது 2016இல். காலையில் புட்டுக்கு மாவு விரவி ஈரத்துணி போட்டு மூடி வைத்திருந்தாள். தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தவள்தான். சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். ராத்திரி அடுக்களைக்குத் தண்ணீர் குடிக்கப் போனபோது அந்த மாவு அப்படியே இருந்தது. துணியின் ஓரம் காய்ந்திருந்தது, நடுவில் இன்னும் ஈரம். அதை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன். பின்னால் வந்த ஒருவர் தோளில் கைவைத்து, "எல்லாம் அவர் ஆளுகையில் நடக்கிறது, அழக்கூடாது" என்றார். நல்ல மனுஷன்தான். அவர் பேச்சுக்கு இன்றுவரை நான் பதில் சொல்லவில்லை.

எசேக்கியேல் அழாமல் இருந்தது தேறுதலுக்காக அல்ல. அவருக்கு அது அடையாளம், கட்டளை. 24:21இல் ஆலயத்துக்கும் அதே சொல்லை, கண்களின் விருப்பம் என்பதை, வைக்கிறார். ஆலயம் போகும்போது உங்களுக்கும் அழ நேரம் இருக்காது என்பது செய்தி. செய்தி புரிகிறது. ஒரு பெண்ணின் சாவை அதற்கு எடுத்துக்கொண்டது எனக்குப் புரியவில்லை. புரிந்ததாக எந்த விளக்கவுரையும் என்னை நம்பவைக்கவில்லை.

ஜூலை 23

"அவரும் தம் வீட்டை இழந்தார், ஆகவே கர்த்தரும் கூடத் துக்கப்பட்டார் என்று எடுக்கலாமே" என்று ஒருவர் அன்போடு எழுதியிருக்கிறார். எடுக்கலாம். அந்த அதிகாரத்தில் அப்படி ஒரு வரி இல்லை. இல்லாததை நான் போட்டால் தோளில் கைவைத்தவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

ஜூலை 26, மாலை

கொஞ்சம் லேசான விஷயம். "ஆளுகிறவர் சொன்னால் சொன்னபடி நடக்கவேண்டும்" என்று அடித்துப் பேசுகிறவர்களுக்கு 29:17–20.

26ஆம் அதிகாரத்தில் தீரு நகரத்தை நேபுகாத்நேச்சார் அழித்துக் கொள்ளையிடுவான் என்று வருகிறது. பதின்மூன்று வருஷம் முற்றுகை போட்டதாக யோசேப்பஸ் என்ற யூத சரித்திரக்காரர் எழுதுகிறார். தீரு கடைசியில் பணிந்தது, ஆனால் கொள்ளை கிடைக்கவில்லை. இருபத்தேழாம் வருஷம், கி.மு. 571, எசேக்கியேல் அதை ஒப்புக்கொண்டு எழுதுகிறார்: சுமந்து சுமந்து எல்லாத் தலையும் மொட்டையாயிற்று, எல்லாத் தோளும் தோலுரிந்தது, கூலி மட்டும் கிடைக்கவில்லை. ஆகவே எகிப்தை அவனுக்குக் கூலியாகக் கொடுக்கிறேன்.

34 வருஷ சர்வீஸில் இதை நான் எத்தனை தரம் பார்த்திருக்கிறேன்! வேலை முடிந்தது, அந்த ஹெட்டில் (கணக்குத் தலைப்பில்) பணம் இல்லை, பில்லை வேறு ஹெட்டில் போட்டுக் காண்டிராக்டரைச் சமாதானம் பண்ணுவது. சிரிக்கலாம், ஆனால் யார் காண்டிராக்டர் என்று பாருங்கள். எல்லா ராஜாக்களும் நடுங்கின நேபுகாத்நேச்சார், மஸ்டர் ரோல் என்ற கூலிப் பட்டியலில் ஒரு பெயர். எகிப்தும் அவனுக்கு முழுசாகக் கிடைக்கவில்லை. 37ஆம் ஆட்சியாண்டில் அதன்மேல் படையெடுத்ததாக ஓர் உடைந்த பலகை சொல்கிறது. எகிப்தின் அமாசிஸோ கி.மு. 526 வரை ராஜாவாகவே இருந்தான்.

எனக்குப் பிடித்தது என்னவென்றால், தீருவைப் பற்றிய முதல் வாக்கை யாரும் அழிக்கவில்லை, திருத்தவில்லை. இரண்டும் ஒரே புத்தகத்தில், தேதியோடு, பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. இந்த இழையில் நான் செய்கிற மாதிரி.

ஜூலை 31, திங்கள்

தரிசனம் வந்த நாலாம் மாதம் ஐந்தாம் தேதியை நம் காலண்டருக்கு மாற்றிக் கணக்கிட்டவர்கள் ஜூலை 31 என்கிறார்கள். இன்றோடு 2615 வருஷம்.

ஜூலையில் தெற்கு ஈராக்கில் மழை கிடையாது. வடமேற்கிலிருந்து புழுதிக்காற்று அடிக்கும், ஷமால் என்பார்கள். எசேக்கியேலும் வடக்கேயிருந்து புயல்காற்று என்றுதான் ஆரம்பிக்கிறார். பாபிலோன் சேனை யூதாவுக்குள் வந்த திசையும் வடக்கு. அப்படி ஒரு புழுதி நாளில் ஆரம்பித்தவர் கடைசி வசனத்தில் எதற்கு ஒப்பிடுகிறார்? மழை பெய்யும் நாளில் மேகத்தில் தோன்றும் வில்லுக்கு. அந்த வாய்க்கால் கரையில் ஜூலையில் அதைப் பார்த்திருக்க முடியாது. யூதாவின் மலையில், மாரிக்காலத்தில், சின்னப் பிள்ளையாக இருந்தபோது பார்த்திருப்பார்.

ஆகஸ்ட் 2, இரவு

கேள்வி கேட்டவர் தனியாக எழுதியிருந்தார்: "எல்லாம் படித்தேன் ஐயா. எல்லாம் அவர் கையில் என்று நான் சொல்லலாமா கூடாதா?" நீங்கள் சொல்லிக்கொள்ளுங்கள். துக்க வீட்டில் இன்னொருவருக்குச் சொல்லாதீர்கள்.

தரிசனம் முடிந்ததும் எசேக்கியேல் என்ன செய்தார் என்று 3:15இல் இருக்கிறது. தெலாபீபுக்குப் போய், அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் தானும் ஏழு நாள் பிரமித்து உட்கார்ந்திருந்தார். பிரசங்கம் எட்டாம் நாள்தான்.

நானும் ஒரு வாரம் இங்கே வரமாட்டேன். நாளைக் காலையில் வலது கண்ணுக்குப் புரை ஆபரேஷன். அந்தச் சக்கரங்களுக்கு வட்டம் முழுக்கக் கண்ணாம். எனக்கு இது ஒன்று தெளிந்தால் போதும், மகள் இந்தப் போனை அதுவரை தரமாட்டாள். எழுத்துப்பிழை கண்டவர்கள் எழுதி வையுங்கள், வந்து திருத்துகிறேன்.